உழைப்பும் உரித்தும்

தன்னைத் தாக்காத ஒருவனின் உடல்மீதோ உடைமைமீதோ வன்முறை செய்தல் எவர்க்கும் ஆகாது என்பதை ஆக்கிரமியாமைக் கொள்கை என்பர். அமெரிக்க அறிஞர் மறே ரொத்பார்ட் 1973 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தம் அரசியற் சிந்தனை முழுவதற்கும் இதனையே அடிப்படையாக வைத்தார். கொல்லாமையையும் கள்ளாமையையும் திருக்குறளின் அதிகாரங்களாகக் கற்ற தமிழ் மாணவனுக்கு இதிற் புதுமை யாதும் தோன்றாது. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. பிறன் பொருள் எது என வரையறுக்க வள்ளுவர் புகவில்லை. கவர எண்ணும் மனத்தையே அவர் கண்டித்தார். புதிய கொள்கையினர்க்கோ அவ்வரையறை இன்றியமையாதது. எல்லை எதுவென்று தெரியாதவிடத்து, எல்லை கடந்தவன் இவன் எனக் கூறுதல் யாங்ஙனம்? ஆதலால் இக்கொள்கை தன் காலில் நிற்பதன்று; சொத்துரிமைக் கொள்கையொன்றின் தோளில் ஏறி நிற்பது. அத்தோளின் வலிமையை அறிய, காடு வெட்டிக் கழனியாக்கப்பட்ட வன்னிப் பெருநிலம் தக்கதோர் இடமாகும்.

சொத்துரிமைக்கு உழைப்பே மூலம் என்னும் வாதத்தை விரித்துரைத்தவர் ஆங்கில அறிஞர் ஜோன் லொக். 1689 இல் வெளிவந்த அவருடைய அரசியல் ஆய்வுரைகளில், இரண்டாவதன் ஐந்தாம் அத்தியாயம் இதனைக் கூறுகின்றது. ஒருவனுடைய உடல் அவனுக்கே உரியது. உடலின் உழைப்பும் அவனுக்கே உரியது. எவர்க்கும் உரித்தாகாத நிலத்தோடு அவன் தன் உழைப்பைக் கலக்கும்போது நிலமும் அவனுக்கு உரித்தாகின்றது. எடுத்தது கெட்டழியும் அளவுக்கு மிகுதியாக எடுக்கலாகாது என்றும், பிறர்க்கும் போதிய அளவில் நல்லது எஞ்சியிருத்தல் வேண்டும் என்றும் அவர் இரு வரம்புகளைச் சேர்த்தார்.

இக்கருத்து ஐரோப்பாவில்தான் தோன்றியது என எண்ணுதல் பொருந்தாது. மரங்களை வெட்டித் திருத்தியவனுக்கே வயல் உரியது என மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுகின்றது. அதனினும் சுவையானது, அது அங்கே சொத்துச் சட்டமாகக் கூறப்படவில்லை என்பது. மகவு யாருக்கு உரியது என்னும் வழக்கில், யாவரும் அறிந்த உவமையாகவே அது எடுத்தாளப்படுகின்றது. லொக்குக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அது பழமொழிபோல் வழங்கியது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, லொக்கின் வாதம் இடறும் இடங்களைக் காண்போம். அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ரொபேட் நோசிக் சொத்துரிமையைப் பெரிதும் போற்றியவர். எனினும் தம் 1974 ஆம் ஆண்டு நூலில் அவர் எழுப்பிய வினா லொக்கை வருத்துவது. தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றியவன் கடலுக்கு உரியவன் ஆகின்றானா, அன்றிச் சாற்றை இழந்தவன் ஆகின்றானா என்பதே அவ்வினா. வன்னியில் இது வெறும் வேடிக்கையன்று. அங்கு வயலின் மதிப்பு மண்ணில் இல்லை, குளத்தில் உள்ளது. ஒருவன் தன் துண்டத்தை எத்துணை உழுதாலும், அணைக்கட்டு உடைந்த ஆண்டில் அது மேய்ச்சல் தரையே. அவ்வணையோ பெயர் தெரியாத பலர் தலைமுறை தலைமுறையாக மண் சுமந்து எழுப்பியது. இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகக் காலத்தில், நீர் இருக்கும் அளவுக்கு இத்தனை ஏக்கர் விதைக்கலாம் எனக் கூட்டத்தில் முடிவுசெய்து பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. தன் காணியிலேயே தான் நினைத்தவாறு விதைக்க இயலாமையை அவ்வூர் உழவன் தன்மீது நடந்த ஆக்கிரமிப்பாகக் கொள்வதில்லை. தனியொருவன் உழைப்பை மட்டும் எண்ணும் தத்துவத்தில் இவ்வுடன்பாட்டுக்கு இடம் காண்டல் அரிது.

இரண்டாவது இடறல் இதனினும் பெரிது. உழைத்தவனுக்கே நிலம் எனின், உழைத்தமைக்குச் சான்று யாது? பிரித்தானியர் 1840 ஆம் ஆண்டில் முடிக்குரிய காணிகள் பற்றிய 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றினர். காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை எண்பிக்கப்படும்வரை, முடிக்குரியனவாகவே கொள்ளப்படும் என்று அச்சட்டம் விதித்தது. கண்டி மாகாணங்களுக்குப் புறம்பான இடங்களில், சில ஆண்டு இடைவிட்டுப் பயிரிடும் சேனை நிலமும் காடாகவே கருதப்பட்டது. இடைவிடுதல் சேனைப் பயிர்ச்செய்கையின் முறையே ஆகும். மண் இளைப்பாற விடப்பட்ட ஆண்டுகள் உழவன் உரிமையைக் கைவிட்ட ஆண்டுகளாகச் சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றின. சொத்தென்பது களவே எனப் பிரெஞ்சு எழுத்தாளர் புரூதோன் எழுதியதும் அதே 1840 இல்தான். ‘ஆக்கிரமிப்பு’ என்னும் தமிழ்ச் சொல், பிறரைத் தாக்குதலையும் பிறர் காணியுட் புகுதலையும் ஒருங்கே குறிப்பது. மனுவின் உவமைப்படி வயலுக்கு உரியவன் எவனோ, அவனையே 1840 ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்கிரமிப்பாளன் ஆக்கியது. ரொத்பார்ட்டின் கொள்கையை இவ்விருவருள் எவர் பக்கம் நின்றும் ஓதலாம். ஒரு சொல்லும் மாற்ற வேண்டுவதில்லை.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் காணியற்றோர்க்கு நிலம் தந்தது உண்மை. கிளிநொச்சியின் குடியேற்றங்கள் பலவும் அதன் வழி எழுந்தவை. ஆயின் அது தந்தது அனுமதிப்பத்திரம்; உரித்து அரசிடமே நின்றது. விற்கவும் ஈடுவைக்கவும் தடைகள் இருந்தன. பின்னுரித்தில் ஆண்மக்களுக்கு முதன்மை வழங்கிய விதி 2022 இலேயே திருத்தப்பட்டது.

அதே சட்டம் மத்தியதர வகுப்பினர்க்கும் காணி வழங்க வழி செய்தது. யாழ்ப்பாணத்துக் கற்றோர் பலர் வன்னியில் காணி பெற்றது இவ்வாறே. அக்காணிகளிற் காடு வெட்டியும் வேர் பிடுங்கியும் கிணறு தோண்டியும் உழைத்தவருட் பலர் மலையகத் தமிழர். 1977 ஆம் ஆண்டினதும் 1983 ஆம் ஆண்டினதும் வன்செயல்களுக்கு அஞ்சி வந்தோர் அவருள் அடங்குவர். பத்திரத்தில் ஒருவர் பெயர். மண்ணில் மற்றொருவர் வியர்வை. இவ்வழக்கை லொக்கிடம் கொண்டுசென்றால் அவர் யாது தீர்ப்பு அளிப்பார்? விடை அதே ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ளது. தன் குதிரை கடித்த புல்லையும் தன் வேலையாள் வெட்டிய புற்கரணையையும் தான் தோண்டிய கனியத்தையும் ஒரே வரிசையில் வைத்து, மூன்றும் தனக்கே உரியன என்கின்றார் அவர். உழைப்பே உரிமை என முழங்கிய அத்தியாயத்திலேயே வேலையாளின் உழைப்பு எசமானின் கணக்கில் ஏறிவிடுகின்றது. கூலி பெற்றான் ஆதலின் உழைப்பை விற்றான் என லொக்குக்காக வாதிடுவோர் உளர். புகலிடம் தேடி வந்தவன் செய்த விற்பனை எத்துணைச் சுதந்திரமானது என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. தமிழர் காணி பறிபோவதைக் கண்டிக்க உழைப்பின் உரிமையை முன்வைக்கும் கற்றோர், இவ்வரிசையைக் காணாது கடந்து செல்வது நேர்மையாகாது.

இவ்வாறு கூறுவதால் உழைப்புக் கொள்கை பொய் என்றாகாது. அதனைக் கைவிட்டு, சொத்தென்பது மக்கள் வழக்கத்தால் அமைந்த உடன்பாடே என்னும் ஹியூமின் பக்கம் சாய்ந்தால், 1840 ஆம் ஆண்டுச் சட்டமும் காலத்தால் நியாயம் பெற்றுவிடும். முல்லைத்தீவு கேப்பாப்புலவு மக்கள் 2012 இல் மெனிக் பாம் முகாமிலிருந்து கொண்டுவரப்பட்டபோது தம் நிலம் படையினர் வசம் இருக்கக் கண்டனர்; 2017 இல் தம் ஊர் வாயிலிலேயே தொடர்ந்து அமர்ந்து போராடினர். வழக்கத்தை நம்பியிருந்தால் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கிணறு எவர் தோண்டியது, பனை எவர் நட்டது என்பதே அங்கு வலிய வாதம்.

அநீதியாகப் பெற்ற சொத்துக்குத் திருத்தம் வேண்டும் என்பதை நோசிக்கும் உடன்படுகின்றார். ஆயின் அதனைச் சுருங்கவே கூறி விடுகின்றார். நம் பழைய நூலார் இவ்விடத்திற் கூர்மை மிக்கவர். பிறன் தன் நிலத்தை ஆள்வதைக் கண்டும் வாய் திறவாதவன் இருபது ஆண்டில் அதனை இழப்பான் என்பது யாக்ஞவல்கியர் விதி. ‘கண்டும்’ என்பதே அதன் உயிர். இலங்கையின் 1871 ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டம் பத்தாண்டு தடையற்ற ஆட்சியைப் போதுமாக்கியது. விரட்டப்பட்டவன் எதனைக் காண்பான், எவரிடம் உரைப்பான்? இக்குறையை உணர்ந்தே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுவின் செயல்களால் தம் உரிமையைக் கோர இயலாதிருந்தோர்க்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என அது விதித்தது. நல்ல விதியே, ஆயின் உரித்து ஒன்று முன்னரே உடையவனுக்கே அது துணை. பிறர் பெயரிலுள்ள அனுமதிப்பத்திரக் காணியில் காடு வெட்டியவனுக்குப் பத்தாண்டு விதியும் பயன்படாது. அது அரசுக்கு எதிராகச் செல்லாது. அவன் பிள்ளைகள் அக்காணியிலேயே இன்றும் கூலிக்குக் களை பிடுங்குகின்றனர்.