புள்ளி கேட்கும் பிடி, சட்டை கேட்கும் பிடி

2018-இல் சிக் சாவர் நிறுவனம் பி365 கைத்துப்பாக்கியை வெளியிட்டதும் அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தையில் ஓர் எண் விளையாட்டு தொடங்கியது. அதுவரை சட்டைக்குள் எளிதில் மறையும் 9 மி.மீ. துப்பாக்கி என்றால் மேகசினில் ஆறு, ஏழு, மிஞ்சிப்போனால் எட்டு தோட்டா. பி365 அந்த அளவு உடம்பில் பத்தை அடைத்தது. மறு ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டின் ஹெல்கேட் பதினொன்று என்றது. 2021-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு பிளஸ், நீண்ட மேகசினில் பதின்மூன்று என்றது. போட்டி நல்ல சரக்கைத்தான் கொண்டுவந்தது. ஆனால் வாங்குகிறவரை அது தோட்டாவை எண்ண வைத்துவிட்டது. ஸ்லைடின் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) மேல் ரெட் டாட் சைட் பொருத்த வசதியோடு 'ஆப்டிக் ரெடி' என்று அட்டையில் போட்டு வரும் துப்பாக்கியை, நாள் முழுக்க இடுப்பில் வைத்திருக்கத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி பிடி. இரண்டாவது, டாட் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது. எண்ணிக்கை அதற்கப்புறம்.

இந்தத் தேர்வு இன்று முன்பைவிட அதிகம் பேர் தலையில் விழுகிறது. பொதுவெளியில் துப்பாக்கி எடுத்துச் செல்ல ஒருவர் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் விதியை 2022-இல் உச்ச நீதிமன்றம் புருயன் வழக்கில் ரத்து செய்தது. 2024-இல் லூசியானாவும் தென் கரோலினாவும் சேர்ந்தபின், 29 மாநிலங்களில் பெர்மிட்டே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம். பெர்மிட் இல்லையென்றால் அதற்கான வகுப்பும் இல்லை. கடைக்காரர் சொல்வதே பாடம். (நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு அந்தத் தடை இல்லை.)

ரெட் டாட் எதை மாற்றுகிறது? பழைய இரும்பு சைட்டில் பின்னால் உள்ள பள்ளம், முன்னால் உள்ள முள், அப்பால் உள்ள இலக்கு மூன்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். அதனால் முன் முள்ளைப் பார் என்று சொல்லிக்கொடுப்பார்கள். வெள்ளெழுத்து விழுந்தவருக்குக் கை நீட்டிய தூரத்தில் அந்த முள் வெறும் மங்கல். டாட் இருந்தால் பார்வையை இலக்கிலேயே நிறுத்திக்கொள்ளலாம்; சிவப்புப் புள்ளி அதன்மேல் வந்து படியும். 3 எம்ஓஏ (கோண அளவின் அலகு) அளவுள்ள புள்ளி 25 கஜத்தில் முக்கால் அங்குலத்தை மறைக்கும்; 6 எம்ஓஏ ஒன்றரை அங்குலத்தை. தற்காப்புத் தூரத்தில் இரண்டுமே போதும். புள்ளி உருண்டையாகத் தெரியாமல் வால்விட்டுத் தெரிந்தால் சைட்டைக் குறை சொல்லுமுன் செல்போன் கேமராவை அதன் பின்னால் வைத்துப் பாருங்கள். கேமராவில் உருண்டையாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணில்தான், பெரும்பாலும் ஆஸ்டிக்மாடிசம்.

இதிலிருந்து கடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று பிறக்கிறது. இரும்பு சைட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள இடைவெளி கூடக் கூடக் குறி எளிது. நீளக் குழலுக்கு இருந்த மதிப்பில் பாதி அதனால் வந்தது. டாட் வந்ததும் அந்தக் கணக்கு செத்துவிட்டது. குழல் அரை அங்குலம் குறைந்தால் தோட்டாவின் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதே நேரம் பிடியின் மதிப்பு ஏறிவிட்டது. உறையிலிருந்து உருவி நீட்டும்போது மணிக்கட்டு ஒரு சிறு கோணம் பிசகினாலும் கண்ணாடியில் புள்ளி இருக்காது. இரும்பு சைட்டில் பிசகு கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். டாட்டில் வெறும் கண்ணாடிதான் தெரியும். ரேஞ்சில் புதியவர்கள் துப்பாக்கியை மேலும் கீழும் ஆட்டிப் புள்ளியைத் தேடுவதைப் பார்க்கலாம். சுண்டுவிரல் பிடிக்குக் கீழே தொங்கும் மிகச் சிறிய துப்பாக்கியில் இந்தத் தேடல் இன்னும் மோசம். ஆகவே ஆகச் சிறிய மைக்ரோ துப்பாக்கியில் டாட் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், சட்டைக்கு வெளியே துருத்தித் துப்பாக்கியைக் காட்டிக்கொடுப்பதும் இதே பிடிதான். குழல் எவ்வளவு நீண்டாலும் பேன்ட்டுக்குள் போய்விடும். கீழ் ரேக்கில் இருக்கும் பால் கேனை எடுக்கக் குனியும்போது முதுகுப்பக்கச் சட்டையில் ஒரு முக்கு தெரியுமே, அது பிடியின் அடிப்பகுதி. டாட் நீளமான பிடி கேட்கிறது; சட்டை குட்டையான பிடி கேட்கிறது. இந்த வகைத் துப்பாக்கியின் தரம் முழுவதும் இந்த வழக்கை எப்படித் தீர்க்கிறது என்பதில் இருக்கிறது.

கிளாக்கை எடுத்துக்கொள்வோம். 1988 முதல் வரும் கிளாக் 19-க்கு 15 தோட்டா, 102 மி.மீ. குழல். 2019-இல் வந்த ஒல்லியான 43எக்ஸ்-க்கு 10 தோட்டா, 87 மி.மீ. குழல். ஆனால் உயரம் இரண்டுக்கும் ஒன்றே, 128 மி.மீ. பிடியின் நீளத்தில் 43எக்ஸ் எதையும் குறைக்கவில்லை. தடிமன் 34-லிருந்து 28 மி.மீ. ஆகிறது, தோட்டா நிரப்பிய எடை சுமார் 855 கிராமிலிருந்து 655 கிராமாக இறங்குகிறது. இந்த இறக்கம் அற்பமல்ல. காலை எட்டு மணிக்குக் கட்டிய பெல்ட் மாலை நான்கு மணிக்கு அதைச் சொல்லும். கனக்கிறது என்று காரிலேயே வைத்துவிட்டுப் போன துப்பாக்கி திருடன் கைக்குப் போகும். ஆனாலும் ஐந்து தோட்டாவை விட்டுக்கொடுத்து மறைப்பில் இவ்வளவு குறைவான லாபம் என்பது எனக்குச் சரியான பேரமாகப் படவில்லை. பத்துக்கு மேல் அனுமதிக்காத நியூஜெர்சியில் இருப்பவருக்கு இந்த வாதமே எழாது. அவர்கள் 43எக்ஸை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

'ஆப்டிக் ரெடி' என்ற இரண்டு சொல் பல உண்மைகளை மூடிவிடுகிறது. கிளாக் 19-இன் எம்ஓஎஸ் முறையில் ஸ்லைடுக்கும் டாட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தட்டு. தட்டு ஸ்லைடில் இரண்டு குட்டைத் திருகில் நிற்கிறது, டாட் தட்டில் இன்னும் இரண்டில். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து மோதும் அதிர்ச்சி இந்த நான்கு திருகையும் உலுக்குகிறது. விவரமறிந்தவர்கள் எண்ணெய்ப்பசை துடைத்து, திருகை இறுக்கிப் பிடிக்கும் லாக்டைட் பசை வைத்து, முறுக்குவிசை அளந்து முறுக்கி, திருகுத் தலையிலிருந்து உடம்புக்கு பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு உடைந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. தட்டே இல்லாமல் நேராக ஸ்லைடில் உட்காருவது எப்போதும் மேல். 2025 தொடக்கத்தில் கிளாக் ஏ-கட் என்ற புதிய வெட்டைக் கொண்டுவந்ததே பழையதன் குறைக்கு ஒப்புதல் வாக்குமூலம்தான். ஆனால் அது எய்ம்பாயின்டின் கோவா சைட்டுக்கென்று வெட்டியது. மாப்பிள்ளையை எளிதில் மாற்ற முடியாது.

பி365 எக்ஸ்எல்-லில் குறை வேறு மாதிரி. கையில் எடுத்தால் அது அருமையான துப்பாக்கி: 12 தோட்டா, 3.7 அங்குலக் குழல், 4.8 அங்குல உயரம். டாட் பொருத்த மேல்மூடியைக் கழற்றினால் பின் சைட்டும் அதோடேயே வந்துவிடுகிறது. பேட்டரி போனால் முன் முள் மட்டும் அநாதையாக நிற்கும். தன் முதுகில் பள்ளம் வைத்த டாட்டாகத் தேடி வாங்கித்தான் இதை ஈடுகட்ட வேண்டும். உயிருக்குக் காவல் என்று விற்கும் பொருளில் இப்படி ஓர் அமைப்பை நான் மன்னிக்கத் தயாரில்லை.

2022-இல் வந்த ஹெல்கேட் புரோ இந்த இரண்டு குறையையும் தவிர்க்கிறது. குரோஷியாவின் கார்லோவாட்ஸ் நகரில் எச்எஸ் புராடுக்ட் தயாரித்து, ஸ்பிரிங்ஃபீல்டு பெயரில் அமெரிக்காவில் விற்பது. அதே 4.8 அங்குல உயரம், ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமன், 15 தோட்டா. டாட் நேராக ஸ்லைடில் தாழ்வாக உட்காருகிறது. இரும்பு சைட் இரண்டும் கண்ணாடி வழியே தெரிகின்றன. கிளாக் 19-இன் எண்ணிக்கையை 43எக்ஸைவிடக் குட்டையான உடம்பில் கொடுத்துவிட்டார்கள். உதைப்பு கிளாக் 19-ஐவிடக் கூர்மை. இலேசான துப்பாக்கியில் அது தவிர்க்க முடியாதது.

டாட் விஷயத்தில் மூடிய வகையே சரி. திறந்த வகையில் ஒளி விடும் சிறு எல்இடி வானம் பார்த்துக் கிடக்கும். பனியனின் பஞ்சு, வியர்வை, மழைத்துளி எது அதன்மேல் விழுந்தாலும் புள்ளி சிதறும். ஹோலோசன் இபிஎஸ் கேரி போன்றவற்றில் அது இரு கண்ணாடிக்கு நடுவே அடைபட்டிருக்கிறது. ஏசி அறையிலிருந்து ஹூஸ்டன் வெயிலுக்கு வந்தால் வெளிக் கண்ணாடி பனிக்கும், அதைத் துடைத்துக்கொள்ளலாம். வாங்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: சிறிய டாட் எல்லாம் ஸ்லைடில் உட்காருவது 'ஆர்எம்எஸ்சி' அச்சில் என்று பொதுவாகச் சொன்னாலும், ஹோலோசனின் கே வகை அச்சு சற்று வேறு. சில ஸ்லைடுகளில் முளையை அராவாமலோ அடாப்டர் இல்லாமலோ அது இறங்காது.

என் தீர்ப்பு ஹெல்கேட் புரோவுக்கு. ஏற்கெனவே கிளாக் 19 வைத்து, அதில் பழகி, எடையோடு ஒத்துப்போனவர் மாற்றத் தேவையில்லை. எம்ஓஎஸ் தட்டின் கோட்டை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். விசைக்கூண்டை முழுதாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் உறைக்குப் பணமில்லை என்றால் டாட்டை விட்டுவிட்டு முதலில் உறையை வாங்க வேண்டும். தோட்டா இல்லாமல் வீட்டில் உருவிப் பழக வாரத்தில் சில நிமிடம்கூட ஒதுக்க முடியாதவர் அதே துப்பாக்கியை இரும்பு சைட்டோடேயே வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் குழந்தையோ மனம் சோர்ந்து கிடக்கும் ஒருவரோ இருந்து, பூட்டும் பெட்டி இல்லையென்றால் என் பதில் எந்த மாடலும் வேண்டாம் என்பதே. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை.