காலை வசனமும் இரவுக் கணக்கும்

1660 ஏப்ரலில் மூதூர்க் கரையில், கொட்டியாரக் குடாவுக்குள், ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. முந்தைய ஆண்டு மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரத்தை இழந்து, புது மரம் போடவும் கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் வந்த கப்பல் அது. கரையிறங்கியவர்களைக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸும் அதே பெயர் கொண்ட 19 வயது மகனும் அவர்களில் இருவர். மறுஆண்டு பெப்ரவரியில் தந்தை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகன் 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் செல்லும்வரை மலைநாட்டில் சிறைவாசி. 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலை இலங்கை வரலாறு படிக்கிற எவரும் புரட்டாமல் இருக்க முடியாது. அவர்கள் பிடிபட்ட இடம் என்று ஒரு புளியமரத்தை மூதூரில் நெடுங்காலம் காட்டிவந்தார்கள்.

அந்த நூலில் அரசியலுக்கும் பயிர்பச்சைக்கும் நடுவே ஒரு சம்பவம் வருகிறது. நொக்ஸ் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கிழவர் கையில் புத்தகத்தோடு வருகிறார். வாங்கிப் பார்த்தால் ஆங்கில வேதாகமம். விரித்ததும் கண்ணில் படுவது அப்போஸ்தலர் பணி 16ஆம் அதிகாரத்தில் சிறைக்காவலன் தன் மீட்புக்கு வழி கேட்கும் இடம். சிறைவாசிக்குக் கிடைத்த சிறைக்கதை! கடைசியில் ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்கிறார். தொப்பி பின்னி விற்பதுதான் அப்போது அவருக்குப் பிழைப்பு.

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கிழவரோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு முந்தைய பக்கங்கள்தான் எனக்கு முக்கியம். பிடிபட்டபோது நொக்ஸிடம் இருந்தவை இரண்டே இரண்டு பக்தி நூல்கள். சாப்பாடு முடிந்ததும் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார். மரத்தடியில் உட்கார்ந்து மாலைவரை படிப்பதும் நினைப்பதும் செபிப்பதுமாக இருப்பார். இரண்டும் ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டன. அந்தப் பழக்கம் இல்லாதவன் கையில் வேதாகமம் கிடைத்திருந்தால் அதுவும் ஒரு தொப்பிக்குக் கைமாறியிருக்கும்.

மூதூர் இருக்கும் திருகோணமலை மாவட்டத்துக் கிறிஸ்தவ வாழ்வில் இன்றும் இந்த இரண்டும் அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன: தற்செயலாக வந்து விழும் சொல்லும், தினசரிப் பழக்கமும். முதலாவதற்கே மவுசு அதிகம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் வரும். கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள். அந்த வசனம் வருடம் முழுக்க வீட்டுச் சுவரிலோ கைத்தொலைபேசி முகப்பிலோ இருக்கும். இப்போது காலை ஐந்து மணிக்கே வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு ‘இன்றைய வசனம்’ வந்துவிடுகிறது. இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. 386இல் மிலான் தோட்டத்தில் ஒரு பிள்ளையின் குரலைக் கேட்டு, கைக்கெட்டிய ஏட்டை விரித்து, கண்ணில் பட்டதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டவர் புனித அகுஸ்தீனார். ஆனால் அகுஸ்தீனார் அதற்குமுன் பல வருடங்கள் தன்னோடு மல்லுக்கட்டியவர். அட்டை எடுக்கிறவர்களில் எத்தனை பேர் வருடக் கடைசியில் அதைத் திரும்ப எடுத்து, இந்த வசனம் எனக்குள் என்ன செய்தது என்று கேட்கிறார்கள்?

திருகோணமலைக் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதும்போது தாண்டிப்போக முடியாத ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1622இல் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா தலைமையில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. சிலுவை இந்தத் துறைமுகத்துக்குப் பீரங்கியோடு வந்தது. பிறகு ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள், குருக்கள் துரத்தப்பட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் கண்டது, குருவும் கோயிலும் இல்லாமல் வீட்டுக்குள் செபித்துக்கொண்டிருந்த சனங்களை. அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரியில் கொழும்பில் புனிதராக அறிவித்தார். அதிகாரம் கையில் இருந்தபோது கட்டிய கோட்டையைவிட, அதிகாரம் எதிராகத் திரும்பியபோது காப்பாற்றிய வீட்டுச் செபம்தான் இலங்கைக் கிறிஸ்தவத்தின் நல்ல முதுசம் என்பது என் கருத்து.

திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. இரண்டு வருடத்தில் அது பிரெஞ்சு இயேசு சபையினர் பொறுப்புக்கு வந்தது. 1898இல் சார்ள்ஸ் லவீஞ் ஆயரானார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையினர் வந்து சேர்ந்தார்கள். இக்னேசியஸ் கிளெனி 1947 முதல் 1974வரை ஆயராக இருந்தார். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. இந்த வருடக்கணக்கில் பள்ளிக்கூடங்கள், கூடைப்பந்து, தொழிற்பயிற்சி எல்லாம் அடக்கம். புனித சூசையப்பர் கல்லூரியில் படித்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஒரு அமெரிக்கச் சுவாமியின் கதை வரும். அந்தச் சுவாமிமார் கொண்டுவந்த இன்னொரு பொருளைப் பற்றித்தான் பேச்சுக் குறைவு: இரவுக் கணக்கு.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1521இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டில் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். வீரதீரக் கதைகளை நினைத்தால் அந்த நேரம் இனிக்கிறது, பிறகு வெறுமை. புனிதர் வரலாறுகளை நினைத்தால் இனிப்பு தங்குகிறது. இந்தச் சின்னக் கவனிப்புதான் பின்னாளில் 1548இல் திருத்தந்தை ஒப்புதல் தந்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்கு விதை. இரவுக் கணக்கு என்று நான் சொல்வது அதில் உள்ள, தினமும் செய்யவேண்டிய ஆன்மச் சோதனையை. முதலில் நன்றி. பிறகு வெளிச்சம் கேட்பது. பிறகு காலையிலிருந்து மணி மணியாக நாளை மீட்டுப் பார்ப்பது: எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது. பிறகு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். கால் மணி நேரம் போதும். முப்பது நாள் ஒதுங்கியிருந்து செய்யவேண்டிய முழுப் பயிற்சியையும், வேலையை விடமுடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யலாம் என்று அந்த நூலின் 19ஆம் குறிப்பே வழிவிடுகிறது.

இது படித்தவர்களின் ஆடம்பரம் என்று நினைக்கக் கூடாது. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையில் ஏறிக் கிடந்தன. ஆகஸ்டில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற மாவட்டத்தில் மீனவன் போத்தலோடு வரிசையில் நின்றான் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். அந்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் இரவு எழுந்த கேள்வி ஒன்றுதான்: படகை விற்றுவிட்டு வெளிநாடு போகவா? நகையை அடகுவைத்து முகவருக்குக் கட்டவா? இஞ்ஞாசியாரின் விதி ஒன்று இங்கே நேராகப் பொருந்துகிறது. மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த முடிவை மாற்றக் கூடாது. செபத்தைக் கூட்டி, காத்திருக்க வேண்டும். போகாதே என்றோ போ என்றோ அது சொல்லவில்லை. எந்த மனநிலையில் முடிவெடுக்கிறாய் என்று பார்க்கச் சொல்கிறது. வாக்குத்தத்த அட்டையால் இதைச் செய்ய முடியாது. ஆபிரகாம் புறப்பட்ட வசனம் வந்தால் பயணச்சீட்டு, ஆண்டவருக்காகக் காத்திருக்கும் சங்கீதம் வந்தால் ஊர் என்று ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது விசுவாசமல்ல, சீட்டுக் குலுக்கல்.

அமெரிக்கச் சுவாமிமார் இதைப் போதித்ததோடு நிற்கவில்லை. லூசியானாவிலிருந்து வந்து திருகோணமலையில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயூஜின் ஹீபர்ட் அடிகளார் பின்னர் மட்டக்களப்பில் தொழிற்பயிற்சி நிலையத்தை நடத்தினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதா விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவரும் உடன்போன தமிழ் இளைஞரும் வீடு திரும்பவில்லை. ஊரை விட்டுப் போகும் வாய்ப்பு எப்போதும் கையிலிருந்த அமெரிக்கர் அவர். இருப்பதா போவதா என்ற கேள்வியைத் தினமும் இரவில் கேட்டு, தினமும் இருப்பதென்று தீர்த்தவர்களில் ஒருவராக அவரைப் பார்க்கிறேன்.

மெதடிஸ்தர் கதை வேறு வாசலால் உள்ளே வந்து அதே அறையில் உட்காருகிறது. 1814இல் அவர்களின் முதல் குழு இலங்கை வந்தது. வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குப் போய் ஒரு வருடம் முடியுமுன்பே இறந்தார். கிழக்கில் அவர்கள் விட்டுச்சென்றதாகப் பள்ளிகளைச் சொல்வார்கள். வகுப்புக் கூட்டத்தை யாரும் சொல்வதில்லை. 1742இல் பிரிஸ்டலில் சபைக் கட்டடத்தின் கடனை அடைக்க ஒரு வழி பார்த்தார்கள்: பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூல். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்களுக்கு, எந்த வீட்டில் குடி, எங்கே சண்டை என்று தெரியவந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூல், ஆன்மா எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் விசாரிக்கும் வாராந்தக் கூட்டமானது. இஞ்ஞாசியார் தனியாக உட்காரவைத்த கணக்கை வெஸ்லி கூடியிருந்து பார்க்கவைத்தார். அத்தோடு 1755இல் அவர் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை, வருடப் பிறப்பை ஒட்டி இன்றும் மெதடிஸ்த ஆலயங்களில் நடக்கிறது. எனக்கு என்ன தருவாய் என்று அது கேட்பதில்லை. என்னை எங்கே வேண்டுமானாலும் வை, வேலை கொடுத்தாலும் ஒதுக்கி வைத்தாலும் சரி என்று ஒப்புக்கொடுக்கிறது. அதே வாரத்தில் அதே ஆட்கள் வாக்குத்தத்த அட்டையும் எடுப்பது வேடிக்கைதான்.

கரையோரத்து நாட்டார் பக்தியைச் சுருக்கமாகவே தொடுகிறேன். அதற்குத் தனியாக ஆள் வேண்டும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து பருவத்துக்கு வந்து வாடி போடும் மீனவர்கள் புனித அந்தோனியாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். செவ்வாய்க்கிழமை நவநாள், நேர்த்தி மெழுகுதிரி, படகின் முகப்பில் புனிதர் பெயர். பாலையூற்றில் லூர்து அன்னை திருத்தலம் இருக்கிறது. போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய பறங்கியர் குடும்பங்களும் அந்தப் பக்கத்தில்தான். தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் ஒரே மாதாவின் முன் முழங்காலிடும் இடங்கள் இந்த மாவட்டத்தில் அதிகமில்லை. இந்தப் பக்தியை மேலோட்டமானது என்று ஒதுக்குகிறவர்கள், வாரா வாரம் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போவதும் ஒரு ஒழுங்கு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளும் 1967இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய கத்தோலிக்க அருங்கொடை இயக்கமும் ‘எழுப்புதல்’ என்ற சொல்லைச் சந்திக்குக் கொண்டுவந்தன. அவற்றின் பலம், பெயர் சொல்லிச் செபிப்பது. பெரிய ஆலயத்தில் பின்வரிசையில் இருந்த பெண்ணின் வயிற்றுவலியை, கணவனின் குடியை, அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். பலவீனமும் அங்கேயே: வெற்றிச் சாட்சிக்கு மேடை உண்டு, நிறைவேறாத செபத்துக்கு மேடை இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, கிறிஸ்மஸின் மறுநாள், கடல் ஊருக்குள் வந்தது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் எந்த வாக்குத்தத்த வசனத்தைப் பொருத்துவது?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரம் போராடிவருகிறார்கள், திருகோணமலையிலும் அப்படியே. சைவத் தாய்மாரும் கிறிஸ்தவத் தாய்மாரும் ஒன்றாக உட்காருகிறார்கள். மகனின் படத்தை மடியில் வைத்திருக்கும் ஒருத்திக்கு ஆன்மிக வழிகாட்டல் என்று எதைச் சொல்வது? இங்கே உதவுவது புலம்பல் சங்கீதங்கள்தான் என்று நினைக்கிறேன். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் ஏராளம். நம் ஆலயப் பாட்டுப் பட்டியலில் அவற்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆன்மச் சோதனையிலும் ஒரு இடைஞ்சல் உண்டு. நன்றியில் தொடங்கு என்று அது சொல்கிறது. நன்றி வராத நாளில் கோபத்திலிருந்து தொடங்கலாம் என்று யாராவது அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எரேமியா அப்படித்தான் தொடங்கினார்.

அந்த ‘யாராவது’ யார் என்பதில்தான் சிக்கல். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் எனும் அக்கம்பக்கச் செபக்குழுக்களைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் பெண்கள். வாசகம் வாசிக்கிறார்கள், தேநீர் ஊற்றுகிறார்கள், நோயாளி வீட்டுக்கு முதலில் போகிறார்கள். வழிகாட்டல் என்று வந்தால் மட்டும் சுவாமியிடம் அனுப்பிவிடுகிறார்கள். சுவாமிக்கு மூன்று ஆலயம், ஒரு பள்ளிக்கூடம். மெதடிஸ்த, சுயாதீன சபைகளிலும் நிலைமை இதைவிட மெச்சத்தக்கதல்ல. போதகரின் இடத்தில் போதகரின் மனைவி என்பதோடு சரி. இஞ்ஞாசியார் இந்தப் பயிற்சிகளை முதலில் சொல்லிக்கொடுத்தபோது அவர் குருவல்ல, அல்கலாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு பொதுநிலையினர். கேட்டவர்களில் பெரும்பாலோர் சாதாரணப் பெண்கள். அதற்காகத்தான் 1527இல் விசாரணையும் 42 நாள் சிறையும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயேசு சபையினர் இருந்த மறைமாவட்டத்தில், அன்பியத் தலைவிகள் பத்துப் பேருக்கு 19ஆம் குறிப்பின்படியான பயிற்சியை ஒரு தவக்காலம் முழுக்க முறையாகக் கொடுத்து, அடுத்த தவக்காலத்தில் அவர்களே தங்கள் தெருவில் கொடுக்கும்படி விடுவதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.