கப்பரையைத் திருடியது யார்?

காஞ்சிபுரத்தில் நான் கண்ட ஒரு சிறு சம்பவம். கூலிக்கு நெய்பவர் ஒருவர் முடித்த புடவையைக் கொண்டுவந்து முதலாளியின் தராசில் வைத்தார். கொடுத்த பட்டின் கணக்குக்கு எடை சற்றுக் குறைந்தது. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. நெய்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். பட்டு காற்றின் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும் என்பது அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் தராசு ஏறினால் நாம் ஆளைத்தான் பார்க்கிறோம், வானத்தைப் பார்ப்பதில்லை.

அன்றிரவு 'மத்தவிலாசப் பிரகசன'த்தை மறுபடியும் படித்தேன். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய இந்த ஹாஸ்ய நாடகம் இதே காஞ்சியின் தெருக்களில்தான் நடக்கிறது. சத்தியசோமன் என்ற காபாலிகன் குடிமயக்கத்தில் தன் கபாலக் கப்பரையைத் தொலைத்துவிடுகிறான். அதில் சுட்ட மாமிசம் இருந்தது. ஆகவே எடுத்தது ஒரு நாயாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பௌத்த பிக்ஷுவாக இருக்க வேண்டும் என்று அவன் தீர்மானிக்கிறான். நாயைத் தேட அவனுக்குத் தோன்றவில்லை. வழியில் நாகசேனன் என்ற பிக்ஷு அகப்படுகிறான். அவன் ஆடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டும் போகிறான். வேறு சாட்சி எதற்கு? மறைத்தது அவனுடைய சொந்தப் பாத்திரந்தான். எடுத்துக் காட்டினாலும் பயனில்லை. நிறத்தை மாற்றிவிட்டான் என்று புதுக் குற்றம் பிறக்கிறது. வழக்கு மன்றத்துக்குப் போகலாமென்று ஒருவன் சொல்ல, விகாரத்துப் பணம் அங்குள்ளவர்களின் வாயை அடைத்துவிடும், ஏழைகள் நாம் என்ன செய்ய முடியும் என்கிறாள் காபாலிகனின் துணைவி தேவசோமை. எழுதியவன் அரசன், மன்றமும் அவனுடையது என்பதை மறக்கக்கூடாது. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கப்பரையோடு வருகிறான். எடுத்தது நாய்தான்!

குற்றமில்லாத சமூகமே கிடையாது என்றார் பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம், 1895-ல். பிறழ்ச்சி என்பது செயலில் இல்லை, பிறர் அதன்மேல் ஒட்டும் பெயரில் இருக்கிறது என்றார் அமெரிக்கரான ஹோவர்டு பெக்கர், 1963-ல். எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெக்கர் விளக்கியதை மகேந்திரவர்மன் காட்டிவிட்டான் என்பதே என் ரசனை.

ஆனால் நாடகத்தில் ஒரு குறையும் உண்டு. பெயர் ஒட்டப்பட்டவன் சிரித்துக்கொண்டே வீடு திரும்பிவிடுகிறான். வாழ்க்கை அவ்வளவு தயாளமானதல்ல. 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலமே குற்றத்துக்கு அத்தாட்சியாயிற்று. கைரேகை பதிய வேண்டும், கேட்காமல் ஊரைவிட்டு நகரக்கூடாது. 1920 ஏப்ரல் 3-ல் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், பதிவுக்கு மறுத்த பிறமலைக் கள்ளர்கள்மீது போலீஸார் சுட்டார்கள், பலர் மாண்டார்கள். கப்பரையோடு எந்தப் பைத்தியக்காரனும் அங்கே வரவில்லை. நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆயிற்று.

பெக்கரின் கொள்கையிலும் எனக்குக் குறைபாடு தெரிகிறது. கொலையுண்டவனின் மனைவியிடம் போய், 'அம்மா, குற்றம் என்பது வெறும் பெயர்' என்று சொல்ல முடியுமா? கப்பரை காணாமற்போனது மெய்தானே? இழந்தவனின் துக்கத்துக்கும் கொள்கையில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை, அழுது புலம்பும் தேவசோமைக்கு நாடகம் தருகிறது.

நான் இப்படியெல்லாம் எழுதுவதில் ஒரு கூச்சமும் இருக்கிறது. என் கதைகளில் வரும் திருடர்களை எண்ணிப் பார்த்தேன். ஒருவனுக்குக் கன்னத்தில் தழும்பு, ஒருவனுக்குச் சிவந்த கண், எல்லோரும் குடிசைவாசிகள். அவர்கள் திருடுவதற்கு முன்பே நான் அவர்களைத் திருடர்களாக்கியிருக்கிறேன். வாசகர்களும் தடையின்றி ஏற்றுக்கொண்டார்கள். அந்த முதலாளியின் பார்வையை நான் என்ன உரிமையில் குறை சொல்வது? இனி ஒரு திருட்டை எழுத நேர்ந்தால், முதலில் நாயைத் தேடிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.