இரத்தம் யாருடையது?

ஒரு நாவலைக் கோடிக்கணக்கானோர் விரும்பிப் படித்தனர் என்பது அதன் சிறப்புக்குச் சான்றாகாது. அதனைக் குப்பையென்று ஒதுக்குவதற்கும் அது காரணமாகாது. மக்கள் அக்கதையில் எதைத் தேடிச் செல்கின்றனர், அது அவர்களுக்கு எதைக் கொடுத்து அனுப்புகின்றது என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதே விமரிசகனின் கடமை. அமெரிக்க எழுத்தாளர் ஸ்ரெபனி மேயர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ருவைலைற்’ நாவலும், 2008 வரை அதனைத் தொடர்ந்து வந்த மூன்று நாவல்களும் இவ்வாறு ஆராயத் தக்கவை.

வாஷிங்ரன் மாநிலத்தில் மழை ஓயாத சிற்றூர் போர்க்ஸ். பொலிஸ் அதிகாரியான தந்தையுடன் வாழ அங்கே வருகிறாள் பதினேழு வயதுப் பெல்லா. வகுப்பில் அவள் அருகே அமரும் எட்வேட், 1918இல் பரவிய இன்புளுவென்சாக் கொள்ளைநோயால் இறக்குந் தறுவாயில் இரத்தக் காட்டேரியாக மாற்றப்பட்டவன். அவளைக் காதலிக்கிறான், அவளது இரத்தத்துக்காகத் தாகமும் கொள்கிறான். அவனுடைய குடும்பத்தார் விலங்குகளின் இரத்தத்தை மட்டும் குடித்து, தம்மை மரக்கறி உண்போர் என்று வேடிக்கையாகக் கூறிக்கொள்வர்.

இக்கதையின் உணர்ச்சி வேகத்தை மறுப்பதற்கில்லை. இரண்டாம் நாவலில் எட்வேட் அவளைப் பிரிந்து செல்கிறான். பின்வரும் பக்கங்களில் ஒக்ரோபர், நவம்பர் என மாதங்களின் பெயர்கள் மாத்திரமே உள்ளன; வேறு சொல் இல்லை. துயரத்தில் உறைந்த ஒருத்திக்குக் காலம் எவ்வாறு வெறுமையாகக் கழிகிறது என்பதை நீண்ட புலம்பலிலும் இது நன்றாகச் சொல்கிறது. தன்னை ஒருவன் முழுமையாகக் கவனிக்க வேண்டுமென்ற ஏக்கம் பொய்யானதன்று. பெண்ணைப் பொருட்படுத்தாத சமுதாயத்தில் அது பெரும் பசியாகவே வளரும்.

ஆனால் அந்தப் பசியைத் தீர்க்க வருபவன் யார்? பதினெட்டாம் நூற்றாண்டுச் சேர்பியக் கிராமங்களின் காட்டேரி, புதைகுழியிலிருந்தெழுந்து அயலவரை வருத்தும் குடியானவனின் பிணம். 1819இல் போலிடோறியின் கதை அதனைப் பிரபுவாக்கிற்று. 1897இல் பிராம் ஸ்ரோக்கர் படைத்த டிறாகுலா கோட்டைக்கு அதிபதி. இலண்டனுக்கருகே மாளிகை வாங்குமளவிற்குச் செல்வன். இதனிடையே 1867இல் மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலில், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்தை இதே காட்டேரிக்கு ஒப்பிட்டார். 1976இல் ஆன் றைஸ் காட்டேரியையே தன் துயரத்தைச் சொல்ல வைத்தார். அச்சத்துக்குரியவன் அனுதாபத்துக்குரியவனானான். மேயரிடத்தில் அவன் காதலுக்குரியவனாகிவிட்டான்.

அவனது செல்வமும் காதலைப் போலவே மாயமாக வருகிறது. பங்குச் சந்தையின் போக்கை முன்னறியும் சகோதரி ஒருத்தியும் முடிவற்ற ஆயுளும் இருந்தால் பணம் தானே குவியும் என இரண்டாம் நாவல் விளக்குகிறது. உழைத்தவர் எவரும் அக்கணக்கில் இல்லை. மூன்றாம் நாவலில், தன் விருப்பத்துக்கு மாறாக நண்பனைக் காணச் செல்லாதபடி பெல்லாவின் வண்டியை எட்வேட் பழுதாக்கி விடுகிறான். அவள் உறங்கும் அறையினுள் அவளறியாமல் நுழைந்து பார்த்திருந்ததை முதல் நாவலிலேயே ஒப்புக்கொண்டவன் அவன். கொல்ல வல்லவன் கொல்லாதிருக்கிறான். அதுவே அன்பென்று ஏற்கப்படுகிறது. வலியவனின் தன்னடக்கத்தில் தங்கியிருக்கும் உயிருக்கு உரிமை என்று எதுவுமில்லை. சலுகை மட்டுமே உண்டு.

இதனைப் பெல்லாவே உணர்கிறாள். முதல் நாவலின் இறுதியில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவள் சமத்துவம் கோரி வாதிடுகிறாள்: ஒருவர் எப்போதும் காப்பவராகவும் மற்றவர் காக்கப்படுபவராகவும் இருக்க இயலாது என்பது அவள் வாதம். நான்கு நாவல்களிலும் மிக நேர்மையான கோரிக்கை இதுவே. அதற்குக் கதை அளிக்கும் விடையோ, அவளும் காட்டேரியாகி விடலாம் என்பதே. ஏற்றத்தாழ்வு அகலவில்லை, மேலே இன்னும் ஓர் ஆசனம் போடப்பட்டது.

அந்த ஆசனத்தின் விலையை நான்காம் நாவல் தன்னையறியாமலே காட்டிவிடுகிறது. குடும்பத்துக்குத் துணையாகப் பிற காட்டேரிகள் வருகின்றனர். அவர்கள் மனித இரத்தம் குடிப்பவர்கள். அயலில் வேட்டையாட வேண்டாமென்று மாத்திரம் கேட்கப்படுகின்றனர். தொலைவிற் சென்று வேட்டையாடிவர எட்வேட் தன் வாகனங்களையும் இரவல் கொடுக்கிறான்! பெல்லாவின் மனம் சற்றே உறுத்துகிறது. எங்கிருந்தாலும் அவர்கள் வேட்டையாடவே செய்வர் என்று தேற்றிக்கொள்கிறாள். இறந்தவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை, ஒரு பக்கமும் இல்லை. இல்லத்தில் அகிம்சை, தொலைவில் கொலை: இந்த ஒழுக்கத்தை உலக அரசியலில் நாம் அறியாதவர்களல்லர்.

கதையில் ஓநாய்களாக உருமாறும் குவிலியூற் மக்களோ கற்பனைப் பாத்திரங்களல்லர். லா புஷ் கடற்கரையில் வாழும் ஆதிக்குடிகள். ஓநாயிலிருந்து தோன்றியோர் என்ற தொன்மம் அவர்களுடையது. காட்டேரியோடு பொரும் ஓநாய்மனிதர் மேயரின் கற்பனை. 1889இல் அவர்களுக்கு விடப்பட்டது ஏறத்தாழ ஒரு சதுரமைல் நிலம். கடற்கோளுக்கு அஞ்சி மேட்டுநிலம் வேண்டி நின்ற அவர்களுக்கு 2012இல் தனிச்சட்டத்தின் மூலமே தேசியப் பூங்காவில் ஒரு பகுதி கிடைத்தது. நாவல் அவர்களின் தொன்மத்தை எடுத்துக்கொண்டது. நிலத்தின் கதையை விட்டுவிட்டது.

இத்தகைய நூலை மாணவியின் கையிலிருந்து பறிப்பதால் பயனில்லை. பறித்தால் அவளுடைய ஏக்கத்தையும் ஏளனஞ் செய்தவர்களாவோம். அவளோடு அமர்ந்து படிப்போம். அந்த வாகனங்கள் எங்கே சென்றன, எவர் வீட்டில் அன்றிரவு அழுகுரல் எழுந்தது என்று கேட்கப் பழக்குவோம். பெல்லா எழுப்பிய கேள்வி நமக்கும் உரியது. அவள் ஏற்றுக்கொண்ட விடையையே நாம் மறுக்கிறோம்.