பிரூன் காத்திருக்காது

மும்பையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். இரானி கடையில் பிரூன் மஸ்கா சாப்பிட்டாயா என்று ஆபீஸில் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு ஃபோர்ட் பகுதியில் ஒரு கடைக்குள் நுழைந்து கேட்டேன். வந்தது. கடித்தேன், இழுத்தேன். செருப்பைக் கவ்விய நாய்க்குட்டி மாதிரி ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டிவிட்டு, டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இதற்கா இத்தனை பேச்சு என்று இருந்தது.

மறுநாள் இதைச் சொன்னதும் சீனியர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வளர்ந்தது தாராவி. ஆபீஸில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். “நாலரை மணிக்கு எவனாவது பிரூன் தின்பானா? நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வா” என்றார். அந்த ஏழு மணியில்தான் எனக்கு இரானி கடை திறந்தது என்று சொல்ல வேண்டும்.

பிரூன் என்பது கைக்கு அடங்கும் அளவு ரொட்டி. வெளியே முறுகிய ஓடு, உள்ளே பஞ்சு. மாவில் பாலோ நெய்யோ சேர்ப்பதில்லை. நல்ல சூட்டில் கூடுதல் நேரம் வேகவிடுகிறார்கள். அதனால்தான் ஓடு அப்படி இறுகுகிறது. ஆனால் கடலோர ஊர், காற்றெல்லாம் ஈரம். வெளியே இருக்கும் ஈரமும் ரொட்டிக்குள்ளேயே இருக்கும் ஈரமும் சேர்ந்து சில மணி நேரத்தில் அந்த ஓட்டை நமுத்துப்போக வைத்துவிடும். மூடாமல் வைத்த அப்பளத்தின் கதைதான். ஜூலை மழையில் இன்னும் வேகம். ஆகவே எந்தக் கடை என்ற கேள்வி இரண்டாவது; எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் கேள்வி. இரானி கடைகளுக்குப் போய் ஏமாந்து வந்தவர்கள் பெரும்பாலும் கடையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. என்னைப் போல நேரம் தப்பிப் போனவர்கள்.

அண்ணாச்சி என்னைக் கூட்டிப் போனது ஃபோர்ட்டில், காவஸ்ஜி பட்டேல் தெருவில் இருக்கும் யஸ்தானி பேக்கரிக்கு. 1950-களில் தொடங்கிய கடை. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே போவதற்கு முன்பே வாசனை வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. பிரூனை நடுவில் கீறி, மஸ்காவை, அதாவது வெண்ணெயை, தாராளமாகத் தடவி, துண்டு போட்டுக் கொடுப்பார்கள். நான் நேரே எடுத்து டீயில் முக்கப் போனேன்.

“முதல் வாயை டீல முக்காத தம்பி. சத்தம் கேக்கணும்லா.”

கேட்டது. முறுக்கு கடிக்கிற சத்தம் இல்லை. அதைவிடக் கொஞ்சம் ஆழம், காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி. ஓடு நொறுங்கியதும் உள்ளே இருக்கும் மெதுமெது, அதற்கும் ஓட்டுக்கும் நடுவில் உப்பு வெண்ணெய். இரண்டாவது வாய்க்குத்தான் டீ. அதுவும் நுனியை மட்டும், மனசுக்குள் இரண்டு எண்ணும் நேரம். மூன்று எண்ணினால் கஞ்சி. எடுத்த பிறகு கோப்பைக்குள் பாருங்கள்: டீயின் மேல் வெண்ணெய் உருகி மஞ்சள் பொட்டுப் பொட்டாக மிதக்கும். நல்ல வெண்ணெய் நம் உடம்புச் சூட்டிலேயே கரைந்துவிடும். சாப்பிட்டு முடித்த பின் மேலண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால், தடவியது வெண்ணெய் இல்லை, வேறு ஏதோ. மேஜையெல்லாம் தூள் சிந்தியிருக்க வேண்டும், சட்டையிலும்தான். தூள் சிந்தாத பிரூன் நேற்றையது.

பன் மஸ்கா வேறு. அது இனிப்பான, மெத்தென்ற பன். நம் ஊர் பன் பட்டர் ஜாமுக்குப் பெரியப்பா பையன். எந்த நேரத்துக்குப் போனாலும் ஏமாற்றாது. பல் சரியில்லாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுதான் சரி. மற்றவர்கள் பிரூனை விட்டுவிட்டு அதைக் கேட்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஃபில்டர் காபியின் நுரையையும் கசப்பையும் இங்கே தேடாதீர்கள். இது நெடுநேரம் கொதித்து, பாலும் சர்க்கரையும் ஏறிய பழுப்பு டீ. ‘பானி கம்’ என்று சொன்னால் தண்ணீர் குறைத்து, கெட்டியாக வரும். தெருவோரம் சின்னக் கிளாஸில் தருகிற கட்டிங்கை இங்கே கேட்காதீர்கள். இங்கே முழுக் கோப்பை, கீழே சாசர். சாசரில் ஊற்றி ஆற்றிக் குடிக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழகினால் நல்ல வழக்கம்.

வயிறு பாதி நிறைந்த பிறகு கடையைச் சுற்றிப் பார்க்கலாம். பழைய இரானி கடைகள் பலவும் தெரு முனையில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதின் தொடக்கத்திலும் ஈரானின் யஸ்த், கெர்மான் பக்கங்களிலிருந்து ஜரதுஷ்டிர மதத்தவர்கள் பம்பாய் வந்தார்கள். பல நூற்றாண்டுகள் முன்பே குஜராத்தில் வந்து இறங்கிய பார்சிகளின் அதே மதம். ஆனால் பிந்தி வந்ததால் இவர்கள் ‘இரானி’. ஈரானிய முஸ்லிம்களும் இதே தொழிலுக்கு வந்தார்கள். முனைக்கடை ஆகாது என்று உள்ளூர் வியாபாரிகள் ஒதுக்கிய இடங்கள் இவர்களுக்கு மலிவாகக் கிடைத்தன என்பது மும்பையில் எல்லாரும் சொல்லும் கதை. நமக்கு இது புதிதா? தெருக்குத்து என்று சொல்லி எத்தனை மனைகள் நம் ஊரில் விலை போகாமல் கிடக்கின்றன! அந்த மூலையால் இன்று லாபம் நமக்குத்தான். இரண்டு பக்கமும் வாசல், இரண்டு தெருவின் வெளிச்சம், குறுக்கே ஓடும் காற்று. இடம் கிடைத்தால் அந்த வளைவை ஒட்டிய மேஜையில் உட்காருங்கள்.

வளைத்த மரத்தில் செய்த நாற்காலி, சலவைக்கல் மேஜை, சுவரில் பெரிய கண்ணாடிகள், கல்லாவில் பிஸ்கட் நிரப்பிய கண்ணாடி ஜாடிகள் என்று பழைய சாமான்கள் எங்கெல்லாம் மிச்சம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் நின்று பாருங்கள். சுவர்க் கண்ணாடி அழகுக்கு மட்டும் இல்லை; கல்லாவில் உட்கார்ந்தபடியே முதலாளிக்கு எல்லா மேஜையும் தெரியும். சுவரில் ‘அது செய்யாதே, இது செய்யாதே’ என்று தொங்கும் பலகைகளும் இந்தக் கடைகளின் அடையாளம். அந்தப் பலகைகளை வைத்தே நிஸிம் எஸக்கியேல் ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஒரு கடையில் நான் பேப்பர் படித்துக்கொண்டு ஒரு டீயோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்ததற்கு, சர்வர் ஒன்றும் சொல்லாமல் என் மேஜையை மூன்று தடவை துடைத்தார். பலகையைவிட அது தெளிவாகப் புரிந்தது.

நீங்கள் போகும்போது முதல் நாள் காலை யஸ்தானி என்றால், இரண்டாவது நாள் காலையை தோபி தலாவில் இருக்கும் கயானிக்கு ஒதுக்குங்கள். மெட்ரோ தியேட்டர் எதிரில், ஜேர் மஹால் கட்டடத்தில், 1904-லிருந்து நடக்கிறது. சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மேஜை விரிப்பு. பக்கத்திலேயே சஸானியன், 1913. இரண்டுக்கும் நடந்தே போகலாம், ஆனால் ஒரே காலையில் இரண்டும் வேண்டாம்; வயிறு ஒன்றுதான்.

கயானியில் அகூரி சொல்லுங்கள். முட்டை, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, கொத்தமல்லி. கேட்டால் நம் முட்டைப் பொடிமாஸ் மாதிரி இருக்கும், அங்கேதான் சறுக்குவோம். அகூரி உதிரக் கூடாது. முட்டை வெந்தும் வேகாத பதத்தில், கரண்டியில் எடுத்தால் தளர்ந்து வழிய வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் தட்டின் சூட்டில் அது வெந்துகொண்டே இருக்கும் என்பதால் வந்தவுடன் சாப்பிட வேண்டும். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அகூரி பொடிமாஸ் ஆகிவிடும். கறி சாப்பிடுகிறவர்களுக்கு கீமா பாவ்: கொத்துக்கறியின் மேல் எலுமிச்சை பிழிந்து, பாவைக் கிழித்து அதனாலேயே வழித்துச் சாப்பிடுவது. பாவ் என்ற சொல்லே போர்த்துகீசியர் விட்டுப் போனது. ஸ்பூன் கேட்டு அதை அவமானப்படுத்த வேண்டாம்.

மாவா கேக்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் மும்பைக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். மாவா என்பது பால் சுண்டிய கோவா. ஏலக்காய் சேர்த்து, எண்ணெய்த் தாளில் வேகவைத்த கப் கேக். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா தின்று வளர்ந்தவர்களுக்கு முதல் கடியிலேயே சொந்தம் தெரியும். ரசிக்கும் இடம் நடு இல்லை, தாளோடு ஒட்டிப் பழுத்துச் சிவந்த ஓரம். தாளை மெதுவாக உரித்து, அதில் ஒட்டிய தூளையும் விடாதீர்கள். நான் போய்வந்த காலத்தில் கிராண்ட் ரோடு ஸ்டேஷனை ஒட்டிய, 1914-ல் தொடங்கிய பி. மெர்வானில் காலைக் கூட்டம் கலைவதற்குள் கேக் தீர்ந்துவிடும். லோக்கல் ரயிலைக்கூட விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இந்த ஊரில் அது பெரிய தியாகம். சைவக்காரர்கள் கவனிக்க: கேக்கில் முட்டை உண்டு. அவர்களுக்கு பிரூனும் காரி பிஸ்கட்டும் இருக்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்கு பல்லார்ட் எஸ்டேட். கேட்வே ஆஃப் இந்தியாவை வடித்த ஜார்ஜ் விட்டெட் திட்டமிட்ட பகுதி. லண்டன் தெரு ஒன்றைப் பிய்த்து நட்டது போல இருக்கும். அங்கே பிரிட்டானியா, 1923. பெரும்பாலும் மதியத்துக்கு மட்டும் திறக்கும் கடை என்பதால் பன்னிரண்டு மணிக்கே போய்விடுவது நல்லது. இதை நெடுங்காலம் நடத்திய போமன் கோஹினூர் 2019-ல், 97 வயதில் இறந்தார். கடைசிவரை மேஜை மேஜையாக வந்து ஆர்டர் எடுத்தவர். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் மேல் அவருக்கு இருந்த பிரியம் ஊரறிந்தது. 2016-ல் வில்லியமும் கேட்டும் மும்பை வந்தபோது அவரைச் சந்தித்தார்கள்.

அங்கே பெரி புலாவ். இதைப் பிரியாணி என்று நினைத்து மசாலாவைத் தேடினால் முதல் கவளத்திலேயே சோர்ந்துபோவீர்கள். சோற்றின் மேல் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பழம்; ஜெரெஷ்க் என்று ஈரானில் சொல்வார்கள். களாக்காயை நினைவுபடுத்தும் புளிப்பு. கூடவே பொரித்த வெங்காயத்தின் இனிப்பு, முந்திரி, அடியில் மறைத்து வைத்த கறி. பிசைந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கரண்டியிலும் இரண்டு மூன்று பழம் விழுகிற மாதிரி ஓரத்திலிருந்து எடுத்து வந்தால், சோறு சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று பல்லிடுக்கில் புளிப்பு வெடிக்கும். அந்தச் சின்ன அதிர்ச்சிக்குத்தான் காசு. இரானி கடை என்றால் மலிவு என்ற நினைப்பில் மட்டும் போகாதீர்கள்.

கூட்டமாகப் போனால் தன்சாக்கும் சொல்லலாம். பருப்பும் பூசணியும் வெந்தயக்கீரையும் கறியோடு கரைந்த குழம்பு, பக்கத்தில் பழுப்புச் சோறு. பார்சி வீடுகளில் ஞாயிறு மதியத்துச் சாப்பாடு இது. கல்யாணத்தில் போட மாட்டார்கள். சாவு நடந்த வீட்டில் கறி விலக்கியிருந்து நாலாம் நாள் விலக்கை முடிப்பது இதைச் சாப்பிட்டுத்தான். சாப்பிட்டபின் வண்டி ஓட்டாதீர்கள், தூக்கம் சொக்கும்.

குடிக்க பலோன்ஜியின் ராஸ்பெரி சோடா. 1865-லிருந்து வரும் பெயர். இருமல் மருந்தின் நிறம், இனிப்பும் கிட்டத்தட்ட அதுதான். எனக்குப் பிடிக்காது, ஆனால் தன்சாக்குக்கு அது இல்லாமல் ஆகாது என்று சொல்கிறவர்களோடு வாதாடவும் மாட்டேன். கடைசியில் கேரமல் கஸ்டர்ட். தட்டை லேசாகத் தட்டினால் நடுங்க வேண்டும். வெட்டிய பக்கத்தில் ஊசித்துளை மாதிரி ஓட்டைகள் இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மேலே வழியும் பாகு இனிப்பில் முடியாமல் ஒரு துளி கசப்பில் முடிந்தால், சர்க்கரையைக் கருக்கியவர் கை தேர்ந்தவர்.

மூன்றாம் நாள் இட்லிக்கு ஏங்கினால் மாட்டுங்கா. தமிழர்கள் மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் இடம், பூக்கடை முதல் அப்பளக்கடை வரை நம் ஊர்தான். கிங்ஸ் சர்க்கிளில் 1940-லிருந்து இருக்கும் கஃபே மெட்ராஸ், பெயர் மெட்ராஸ் என்றாலும் உடுப்பிக்காரர்களுடையது. ரசத்தில் மிதக்கும் இட்லி அங்கே விசேஷம். ஞாயிறு போகாதீர்கள், பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும். அதே சர்க்கிளில் கூலார் என்று ஒரு இரானி கடையும் உண்டு. இட்லி முடித்துவிட்டு அங்கே போய் டீ குடிப்பது என் வழக்கம்.

மறுபடி பிரூனுக்கு வருவோம். 2025 தொடக்கத்தில் பம்பாய் உயர் நீதிமன்றம், காற்று மாசைக் காரணம் காட்டி, விறகிலும் கரியிலும் எரியும் மும்பை பேக்கரி அடுப்புகளை ஆறு மாதத்துக்குள் காஸுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றச் சொன்னது. விறகடுப்பின் செங்கல் சூட்டைத் தேக்கி வைத்து எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சீராகத் தரும். ஓடு அந்த முறுகல் முறுகுவதற்கு அது ஒரு காரணம். பேக்கரி அடுப்பின் முன் ராத்திரி முழுக்க நிற்பவரின் நுரையீரலையும் நினைத்துப் பார்த்தால், எனக்கு எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. அடுப்பு மாறிய கடையில் சாப்பிட நேர்ந்தால் அதே முதல் வாய்ச் சோதனைதான்: சத்தம் கேட்கிறதா?

ஊருக்கு வாங்கிப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு. பிரூனை பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், காகிதப் பை போதும். அன்று மாலையே நமுத்திருந்தால் மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சூடாக்கி, கடைசியில் மூடியை எடுத்துவிட்டால் ஓட்டுக்குப் பாதி உயிர் வரும். மறுநாள் அதுவும் பலிக்காது. சென்னைக்கு ரயிலில் ஒரு நாள் பயணம். அதனால் நான் காரியும் நான்கட்டாய் பிஸ்கட்டும்தான் வாங்குவேன். ஒரு தடவை அண்ணாச்சி என் பேச்சைக் கேட்காமல் அரை டஜன் பிரூனைத் தன் அக்காவுக்கு நெல்லை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். அக்கா அதை அம்மியில் தட்டி, பாயசத்தில் போட்டுக் கொடுத்தாராம். நன்றாகத்தான் இருந்ததாம்.