சொல்வதெழுதும் கணிப்பொறியும் தமிழின் இரட்டை வழக்கும்: திருவனந்தபுரம் நீதிமன்றங்களை முன்வைத்து

கேரள மாநிலத்தின் விசாரணை நீதிமன்றங்கள் சாட்சியங்களைப் பதிவு செய்வதற்கு ‘அதாலத் ஏஐ’ என்னும் பேச்சுணர் மென்பொருளை 2025 நவம்பர் 1 முதல் பயன்படுத்த வேண்டும் என்று அம்மாநில உயர்நீதிமன்றம் பணித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 2025 ஜூலையில், கீழமை நீதிமன்றங்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கையாள்வது பற்றிய கொள்கை ஒன்றையும் அது வெளியிட்டிருந்தது. திருவனந்தபுரம் வஞ்சியூரிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள விசாரணை நீதிமன்றங்கள் இவ்வாணைக்கு உட்பட்டவை. நவம்பர் 1 இப்பகுதிக்கு வேறொரு வகையிலும் நினைவுக்குரிய நாள். 1956-இல் அந்நாளில்தான் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சாலைக் கடைத்தெரு, கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதி ஆகிய இடங்களில் வாழும் தமிழரும், எல்லை கடந்து நாள்தோறும் நகருக்கு வந்து செல்லும் தமிழரும் இன்றும் இந்நீதிமன்றங்களில் சாட்சி சொல்ல நேர்கிறது.

குறிப்பிட்ட ஒரு மென்பொருளின் தரத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பேச்சுணர் மென்பொருள்கள் அனைத்திற்கும் அடித்தளமாக ஒரு கருதுகோள் உள்ளது. பேசப்படுவதும் எழுதப்படுவதும் ஒரே மொழி வடிவமே என்பது அது. இக்கருதுகோள் தமிழுக்குப் பொருந்தாதபோது என்ன நிகழ்கிறது, சாட்சியத்தில் அதனால் எது மாறுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சொல்வதெழுதலும் கேட்டெழுதலும்

‘சொல்வதெழுதல்’ என்பது தமிழர் பள்ளிப் பருவத்திலேயே அறிந்த செயல். ஆசிரியர் நூலைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொல்வார், மாணவர் எழுதுவர். அங்குச் சொல்லப்படுவது பேச்சன்று. முன்பே எழுத்தாக இருப்பதன் ஒலி வடிவம். வீட்டில் இருவர் பேசிக்கொள்வதை ஒருவர் கேட்டு எழுதுவது இதனின் வேறுபட்டது. அதனைக் ‘கேட்டெழுதல்’ எனக் குறிப்பிடலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ஒரே கருவியின் ஒரே பணியாகக் கொள்வதே பேச்சுணர் மென்பொருள் பற்றிய பேச்சில் நிலவும் முதற் குழப்பம்.

சட்டம் இவ்வேறுபாட்டை ஓரளவு அறிந்திருந்தது எனலாம். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு, அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியத்தை நீதிபதி தாமே எழுதலாம், திறந்த நீதிமன்றத்தில் தாம் சொல்லச் சொல்லப் பிறரை எழுதச் செய்யலாம், அல்லது நீதிமன்ற அலுவலரைக் கொண்டு தம் மேற்பார்வையில் எழுதுவிக்கலாம் என்றது. சாட்சியம் பொதுவாக எடுத்துரைப்பு வடிவில் அமைய வேண்டும் என்றும் கூறியது. அதன்படி, சாட்சியின் பேச்சைக் கேட்ட நீதிபதி அதனை மனத்தளவில் எழுத்து வழக்கிற்கோ வேறொரு மொழிக்கோ மாற்றி, அந்த மாற்று வடிவத்தையே சுருக்கெழுத்தாளருக்குச் சொன்னார். மாற்றியவர் இன்னார் என்பது பதிவிலேயே தெரிந்தது. அதற்கு அவர் பொறுப்பும் ஏற்றார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சம்ஹிதையும் இந்த அமைப்பைப் பெரிதும் அப்படியே கொண்டுள்ளது.

நீதிபதியின் வாய்மொழியைக் கணிப்பொறி எழுதினால் அது சொல்வதெழுதல். சாட்சியின் வாய்மொழியை நேரே எழுதினால் அது கேட்டெழுதல். முதலாவதில் கருவி சுருக்கெழுத்தாளரின் இடத்தைப் பெறுகிறது; இரண்டாவதில் நீதிபதி செய்துவந்த மாற்றுப் பணியையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. எது நிகழ்ந்தது என்பது அச்சிட்ட தாளைப் பார்த்து அறியக்கூடியதன்று.

இக்கருவிகள் சொல்வதெழுதலுக்கென்றே பிறந்தவை. 1990-இல் விற்பனைக்கு வந்த ‘டிராகன் டிக்டேட்’ ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் பேசுவோர் சிறிது நிறுத்த வேண்டும் என எதிர்பார்த்தது. 1997-இல் வந்த ‘டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்’ நிறுத்தமின்றிப் பேசலாம் என்ற நிலையை உண்டாக்கியது. மருத்துவர், வழக்கறிஞர் போன்று ஏற்கெனவே சொல்லி எழுதுவிக்கும் பழக்கமுடையோரே அவற்றின் முதற் பயனாளர். ஆங்கிலத்தில் கடிதம் ஒன்றைச் சொல்வதற்கும் எழுதுவதற்கும் இடையே சொல் வடிவில் பெரும் வேறுபாடு இல்லை. அந்த மொழிச் சூழலில் உருவான முறையே 2017 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளுக்குக் குரல்வழித் தட்டச்சை விரிவுபடுத்தியபோது தமிழுக்கும் வந்தது.

தமிழர் ஒருவர் கணிப்பொறிக்குக் கடிதம் சொல்லும்போது செய்வதைக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். அவர் ‘வந்துட்டேன்’ என்பதை விடுத்து ‘வந்துவிட்டேன்’ என்கிறார்; ‘இல்ல’ என்பதை ‘இல்லை’ என முடிக்கிறார். மேடைப் பேச்சாளர் போலவும் செய்தி வாசிப்பவர் போலவும் தம்மை மாற்றிக்கொள்கிறார். பெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்கின் உயர்நிலை வடிவத்தைக் கருவி அவரிடம் வேண்டிப் பெறுகிறது. படித்தவருக்கு இது இயலும். தட்டச்சுப் பலகையின் தொல்லையின்றி எழுத முடிவதால் முதியோருக்கும் பார்வையற்றோருக்கும் விளையும் நன்மை பெரிது. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் செந்தமிழில் பேசுமாறு கேட்க இயலாது.

பயிற்சித் தரவும் நெடுங்காலம் ஒரு பக்கமே சாய்ந்திருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ‘ஏஐ4பாரத்’ குழுவின் ‘சுருதிலிபி’ அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகளிலிருந்து தொகுக்கப்பட்டது; ‘கத்பத்’ எழுதியதைப் படித்த குரல்களின் தொகுப்பு. இக்குறையை உணர்ந்த அக்குழுவே 2024-இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பில் 145 மாவட்டங்களின் 16,237 பேரிடம் 22 மொழிகளில் 7,348 மணி நேரப் பேச்சைத் திரட்டியது. அதில் படித்த பேச்சு 9 விழுக்காடே. இது பாராட்டத்தக்க மாற்றம். எனினும் ஒலியைத் திரட்டுவது ஒன்று. அதனை எந்தத் தமிழில் எழுதுவது என முடிவு செய்வது வேறு.

ஒரு மூக்கொலியின் எடை

இம்முடிவு வெறும் நடைச் சிக்கலன்று என்பதற்குப் பேச்சுத் தமிழின் சொல்லிறுதியே போதிய சான்று. பெரும்பாலான பேச்சு வழக்குகளில் சொல்லிறுதி னகரமும் மகரமும் மெய்யாக ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிரை மூக்கினச் சாயல் பெறச் செய்து மறைகின்றன. ளகரமும் லகரமும் சுவடின்றிக் கெடுகின்றன. இதனால் ‘வந்தான்’ என்பது மூக்கினச் சாயலுடன் கூடிய ‘வந்தா’. ‘வந்தாள்’ என்பது அச்சாயலற்ற ‘வந்தா’. ‘வந்தால்’ என்பதும் அதே ‘வந்தா’. ஆணா பெண்ணா என்பதை மூக்கொலி ஒன்றும், நிகழ்ச்சியா நிபந்தனையா என்பதைத் தொனியும் இடைநிறுத்தமும் மட்டுமே காட்டுகின்றன.

‘அவ வந்தா நான் பேசுறதில்ல’ என்று ஒரு சாட்சி கூறுவதாகக் கொள்வோம். ‘அவள் வந்தால் நான் பேசுவதில்லை’ என எழுதினால் அது ஒரு வழக்கத்தைக் கூறுகிறது. ‘அவள் வந்தாள், நான் பேசுவதில்லை’ என எழுதினால் அவள் வந்தமைக்குச் சாட்சி கிடைத்துவிடுகிறது. பேசியவாறே ‘வந்தா’ என எழுதும் கருவி இரு பொருளையும் காக்கும். எழுத்து வழக்கிற்கு மாற்றும் கருவியோ ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

இதனினும் நுட்பமானது ‘ஆம்’ என்னும் ஈறு. தான் நேரில் காணாததைப் பிறர் கூறக் கேட்டேன் என்பதைத் தமிழர் ஒரே அசையில் உணர்த்துகின்றனர்: ‘வந்தானாம்’. பேச்சில் இதன் மகரமும் மறைந்து மூக்கினச் சாயலுடைய ஆகாரமே எஞ்சுகிறது. அச்சாயலைக் கருவி தவறவிட்டால் கிடைப்பது ‘வந்தானா’ என்னும் வினா. ஈற்றையே நழுவவிட்டால் ‘வந்தான்’ என்னும் உறுதிக் கூற்று. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு வகுத்த விதி. அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. செவிவழிச் செய்தியை நேர்ச்சாட்சியிலிருந்து பிரிக்கும் இலக்கண உருபைத் தமிழ் தன்னிடமே வைத்துள்ளது. விசிறிகள் சுழலும் கூடத்தில், ஒலிவாங்கியிலிருந்து சற்று விலகி நிற்பவரின் வாயில், முதலில் மங்குவதும் அவ்வுருபே.

திருவனந்தபுரத் தமிழ்

தமிழின் எழுத்து முறை இக்கருவிகளுக்குச் சில இடங்களில் உதவுகிறது. ககரத்தின் மாற்றொலிகளை எழுத்தில் பிரிக்க வேண்டியதில்லை. மலையாளத்திற்கோ அவை தனித்தனி எழுத்துகள். ரகர றகரத்தில் நிலைமை நேர்மாறானது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் இவை ஒன்றிவிட்டன. கன்னியாகுமரிப் பகுதி வழக்கில் வேறுபாடு நிலைத்துள்ளது. ‘வேட்டியில கறை இருந்தது’ என்று அப்பகுதியினர் ஒருவர் றகரம் தெளிவுறச் சொல்லலாம். இவ்வேறுபாடற்ற குரல்களைப் பெரும்பான்மையாகக் கொண்டு பயின்ற கருவி ஒலியை நம்பாது; எச்சொல் எச்சொல்லை அடுத்து மிகுதியும் வரும் என்னும் கணக்கையே நம்பும். வேட்டியை அடுத்து மிகுதியும் வருவது ‘கரை’. குருதிக் கறையைக் கூறிய சாட்சியம் கரை வேட்டியைக் கூறியதாக மாற இதுவே போதும். பேசியவர் சரியாகவே வேறுபடுத்தினார் என்பதுதான் இதில் கருதத்தக்கது.

சொற்களிலும் இத்தகைய இடர் உண்டு. இப்பகுதித் தமிழர் பலருக்கு ‘வெள்ளம்’ என்பது குடிநீர். வடக்கே அது பெருக்கு. ‘சாலையில கடை’ என்றால் திருவனந்தபுரத்தில் அது குறிப்பிட்ட ஒரு கடைத்தெரு, ஆ. மாதவனின் கதைகளைப் படித்தவருக்கு அத்தெரு நன்கு அறிமுகமானது. எழுத்தில் பிழையேதும் இன்றியே, அடுத்த நிலையில் அதனை ஆங்கிலமாக்கும் நிரல் ‘வீதியோரக் கடை’ எனப் பொருள் கொள்ள இடமுண்டு. மேலும், தமிழா மலையாளமா என முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் சொல்லும் கருவிகள் பல. ‘மனசிலாச்சு’ என்னும் சொல் அத்தேர்வில் எப்பக்கம் சேரும்? கூகுள் நிறுவனம் தன் பேச்சுணர் சேவையில் தமிழை இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நாட்டெல்லைப்படி வகுத்துள்ளது. கிளைமொழி நாட்டெல்லையைப் பின்பற்றுவதில்லை என்பதை மொழியியலார்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை.

இது திருவனந்தபுரத்தில் நிகழ்வதில் ஒரு முரண் உள்ளது. நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் கிளைமொழி ஒன்றை விளக்கி 1957-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற வ. அய். சுப்பிரமணியம், இந்நகரில் இருந்தே மலையாளக் கிளைமொழி அளவாய்வை நடத்தினார். அதன் ஈழவர் - தீயர் வழக்குத் தொகுதி 1974-இல் வெளிவந்தது. 1977-இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியையும் இங்கு நிறுவினார். நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968-இலேயே வட்டார வழக்கை அச்சேற்றிப் படிப்போரைப் பழக்கியது. சொன்னதைச் சொன்னவாறு எழுதுவதில் இவ்வளவு பயிற்சி பெற்ற ஊர் வேறு அதிகமில்லை.

பிழையை அளக்கும் கோல்

கருவியின் திறம் ‘சொற்பிழை விழுக்காடு’ என்னும் எண்ணால் கூறப்படுகிறது. மாறிய, விடுபட்ட, மிகையாக நுழைந்த சொற்களைக் கூட்டி, மூலப் படியின் சொற்களால் வகுப்பர். தமிழில் இக்கோல் வளைகிறது. ‘வந்துகொண்டிருந்தான்’ ஒரு சொல்லா, மூன்றா? மூலப் படியில் சேர்த்தும் கருவியால் பிரித்தும் எழுதப்பட்டால், சரியாகக் கேட்ட கருவிக்கும் பிழை ஏறுகிறது. மூலப் படியே எழுத்து வழக்கில் இருந்தால் ‘வந்துட்டான்’ எனச் சொன்னவாறு எழுதிய கருவி தண்டிக்கப்படுகிறது. ‘வந்துவிட்டான்’ எனத் திருத்திய கருவி பரிசு பெறுகிறது. எல்லாப் பிழையும் ஒரே எடை பெறுவது மற்றொரு குறை. ஆயிரம் சொற்களில் ஓர் ‘ஆம்’ விழுந்தால் கணக்கில் அது 0.1 விழுக்காடு.

ஒரு மொழிக்கு ஒரே எண் என்பதும் போதாது. அமெரிக்காவில் ஐந்து பெரும் நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வில், சராசரிப் பிழை வெள்ளையர் பேச்சுக்கு 0.19, கறுப்பினத்தார் பேச்சுக்கு 0.35. மொழி ஒன்றே, வழக்கு வேறு. தமிழுக்கு வட்டார வாரியாக, அதிலும் படித்த பேச்சையும் இயல்பான பேச்சையும் பிரித்துக் காட்டும் அட்டவணை இன்றி எக்கருவியும் நீதிமன்றத்திற்குப் பரிந்துரைக்கப்படுதல் முறையன்று.

உயர்நீதிமன்றத்தின் 2025 கொள்கை மனித மேற்பார்வையை வற்புறுத்துகிறது. கருவி செய்த மொழிபெயர்ப்புகளை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்கிறது. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவதும் ஒருவகை மொழிபெயர்ப்பே எனக் கொண்டால் இவ்விதி இங்கும் பொருந்தும். பேசியவாறு எழுதிய படி ஒன்று, எழுத்து வழக்கிலோ நீதிமன்ற மொழியிலோ அமைந்த படி ஒன்று என இரண்டும் கோப்பில் இருப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. பழைய சட்டத்தின் 278-ஆம் பிரிவு, எழுதிய சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றது. பிழை எனச் சாட்சி மறுத்தால் நீதிபதி திருத்தலாம், அல்லது அம்மறுப்பைக் குறிப்பாக எழுதி வைக்கலாம் என்றது. புதிய சட்டத்திலும் இவ்வழி உள்ளது. ஆனால் படித்துக் காட்டப்படுவது எழுத்து வழக்கில் இருக்கையில், ‘வந்தான்’ என்பதைக் கேட்கும் சாட்சி தாம் ‘வந்தானாம்’ என்று கூறியதை அக்கணத்தில் நினைவுகூர்ந்து மறுக்க வேண்டியுள்ளது. அவர் மறுத்து, குறிப்பும் எழுதப்பட்ட பின், எது சரி என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிய ஒரே வழி அன்றைய ஒலிப்பதிவு கோப்புடன் பாதுகாக்கப்பட்டிருப்பதே.