வரிவிலக்கு பெற்ற தமிழ்

2006 ஜூலையில் தி.மு.க. அரசு, தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து முழுவிலக்கு அளித்தது. மொழிப்பற்று என்று ஒரு தரப்பும், பட முதலாளிகளுக்கான சலுகை என்று மறுதரப்பும் பேசி ஓய்ந்தன. எது தமிழ் என்று தீர்மானிக்கும் அதிகாரம் வரியின் வழியாக யார் கைக்குப் போனது என்பதை இரு தரப்பும் கேட்கவில்லை.

‘ஜில்லுன்னு’ என்பது ‘சில்லுனு’ ஆனது. அது எழுத்து விவகாரம், விட்டுவிடலாம். ‘எம்டன் மகன்’ ‘எம் மகன்’ ஆனதை அப்படி விட முடியாது. எம்டன் 1914 செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல். அந்தப் பெயரை ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘அவன் சரியான எம்டன்’ என்றால் பலே கைகாரன் என்று அர்த்தம். கப்பலைப் பற்றி ஒண்ணும் தெரியாத கிழவியும் சொல்லுவாள். தொண்ணூறு வருஷம் வாயில் புழங்கிய சொல், விலக்கு வேண்டும் என்றதும் அந்நியமாகிப்போனது. யாரும் தடை விதிக்கவில்லை. தயாரித்தவர்களே வெட்டிக்கொண்டார்கள். தண்டனை காட்டாமல் சலுகை காட்டி வேலை வாங்குகிற அதிகாரம் இது.

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவின் பெயரே இங்கிலீஷ். 1950இல் அங்கே எடுத்த ‘மந்திரி குமாரி’யில் இரண்டு சொல்லும் வடமொழி. கதை குண்டலகேசியிலிருந்து வந்தது, வசனம் மு. கருணாநிதி. 2006இல் விலக்கு அளித்த முதல்வரும் அவரே. கேலிக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் படத்தின் தமிழ் அதன் கதையிலும் வசனத்திலும் இருந்தது. தலைப்பை மட்டும் வாசிக்கிற அரசாணைக்கு அது அகப்படாது.

2011இல் அ.தி.மு.க. அரசு ‘யு’ சான்றிதழ், தமிழ்ப் பண்பாடு என்று நிபந்தனைகளைக் கூட்டியது. சாதி வன்முறையை உள்ளபடி காட்டி ‘யு’ கிடைக்காமல் போகும் படம் வரி கட்ட வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம். பிரிட்டனும் 2007இலிருந்து பண்பாட்டுச் சோதனை வைத்துத்தான் சலுகை தருகிறது. அங்கே கதைக்களம், பாத்திரம், மொழி, பணிபுரிவோர் என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். சலுகை தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டுப் போகிறது. பண்பாட்டை அரசு அளக்கிற சிக்கல் அங்கும் உண்டு. ஆனாலும் யார் பணம், யாருக்குப் போகிறது என்பதில் மறைவில்லை.

இங்கே 1939ஆம் வருஷத்துச் சட்டப்படி கேளிக்கை வரி டிக்கெட்டோடு சேர்ந்து வசூலான வரி. கட்டியவன் பார்வையாளன். வரி நீங்கியபின் கவுண்டரில் விலை குறைந்து நான் பார்த்ததில்லை. அப்ப மிச்சம் யாருக்குப் போச்சு?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து இந்த விலக்கு போயிற்று. உடனே உள்ளாட்சிகளுக்கென 30 சதவீத கேளிக்கை வரி என்றார்கள். தியேட்டர்கள் மூடப்பட்டன, பிறகு விகிதம் இறங்கியது, தமிழ்ப் படத்துக்கு இன்னும் குறைவாக. இந்தப் பேரத்திலும் டிக்கெட் வாங்குகிறவன் ஒரு தரப்பாக இல்லை.

தமிழ் சினிமாவுக்கு அரசு உதவட்டும். அந்த உதவி டிக்கெட் விலையில் தெரிய வேண்டும். ‘எம்டன்’ தமிழா என்று விசாரிக்கிற வேலை வரி இலாகாவுக்கு வேண்டாம்.